கடையைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்புங்கள்

ஒரத்தநாடு வட்டாரத்துப் பள்ளிகளில் இந்த ஆண்டு சைக்கிள் வாங்கிய பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு,

பொங்கல் கழிந்ததும் மனோராவுக்குச் சைக்கிளிலேயே போய்வரத் திட்டம் போட்டிருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். கையில் புது வண்டி, வயது பதினாறு, தை மாதத்து இதமான வெயில். போகாமல் இருந்தால்தான் ஆச்சரியம். தாராளமாகப் போங்கள். தடுப்பதற்காக இந்த மடலை எழுதவில்லை. பையில் என்னென்ன எடுத்துக்கொள்கிறீர்கள் என்று உங்களில் ஒருவனைக் கேட்டேன். பவர் பேங்க், புளூடூத் ஸ்பீக்கர், பிஸ்கட் பாக்கெட் என்று அடுக்கினான். பம்ப் எங்கே என்றேன். "வழியில கடை இருக்கும்ல தாத்தா" என்றான். அந்தப் பதிலுக்காகத்தான் எழுதுகிறேன்.

இங்கிருந்து பாப்பாநாடு, பட்டுக்கோட்டை வழியாக மல்லிப்பட்டினத்தை ஒட்டிய மனோராவுக்கு ஏறத்தாழ 45 கிலோமீட்டர். திரும்பி வருவதையும் சேர்த்தால் 90. கியர் இல்லாத, 20 கிலோவை நெருங்கும் வண்டியில் இது சின்ன தூரமில்லை. பயப்பட வேண்டிய தூரமும் இல்லை. மேடு பள்ளம் கிடையாது. விடியலில் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் கடலைப் பார்த்துவிடலாம். நெப்போலியனை ஆங்கிலேயர் ஜெயித்ததற்காக 1814-15இல் தஞ்சை மன்னர் சரபோஜி நம் கடற்கரையில் எட்டு அடுக்குக் கோபுரம் எழுப்பிய விசித்திரத்தை நின்று பார்த்துவிட்டு, இருட்டுவதற்குள் வீடு திரும்பலாம். ஆனால் பாப்பாநாடு தாண்டிப் பஞ்சராகி, பட்டுக்கோட்டை வரை வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தால் அன்றைய திட்டம் அங்கேயே முடிந்தது. ஒருவன் நடந்தால் எல்லோரும் நடக்க வேண்டும், அல்லது அவனை விட்டுவிட்டுப் போக வேண்டும். இரண்டும் நல்லதில்லை.

வழியில் கடை இருக்கும் என்பது ஒரு காலத்தில் உண்மைதான். நம் கடைத்தெருவில் நானே சைக்கிள் கடை வைத்திருந்தவன். மணி வாடகைக்கு வண்டி, பஞ்சர், ஓவராயில், பெண்டு எடுப்பது என்று எல்லா வேலையும் நடக்கும். பட்டுக்கோட்டை சாலையில் பஸ் நிற்கிற இடங்களில் ஒரு புளியமரம், அதன் கிளையில் தொங்கும் பழைய டயர், அடியில் பாதியாக வெட்டிய டிரம்மில் கறுத்த தண்ணீர். அந்த டயர்தான் போர்டு. இப்போது அங்கெல்லாம் இருப்பவை பைக்குக்கும் டிராக்டருக்குமான கடைகள். கம்ப்ரஸர் இருக்கிறது, டியூப்லெஸ் டயரில் சொருகும் திரி இருக்கிறது. சைக்கிளுக்கு வால்டியூப் கேட்டால் அந்தத் தம்பி நம்மை ஏற இறங்கப் பார்க்கிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். எப்போதோ ஒருவர் கேட்கும் சாமானை யார் வாங்கி அடுக்கி வைப்பார்கள்? பெட்ரோல் பங்கில் காற்று சும்மா கிடைக்குமே என்பீர்கள். அந்தக் குழாயின் வாய் கார், பைக் சக்கரத்தில் காற்றேற்றும் மூக்குக்கென்று செய்தது. பள்ளியில் கொடுக்கிற சாதாரண வண்டியின் மூக்கில் அது உட்காராது. புது மாதிரி கியர் வண்டி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் பெரும்பாலும் பொருந்தும்.

வழிப்போக்கருக்கு எல்லாம் கொடுத்த சாலை இது என்பதுதான் இதில் வேடிக்கை. நீங்கள் தாண்டிப் போகிற முத்தம்பாள் சத்திரம் ராமேசுவரம் போகிற யாத்திரிகர்களுக்காக இரண்டாம் சரபோஜி கட்டியது. நம் ஊருக்கே முத்தம்பாள்புரம் என்று ஒரு பெயர் இருந்தது. ராசாமடம், மணமேல்குடி, மீமிசல் என்று சேதுவுக்குப் போகும் வழியெல்லாம் மராட்டிய மன்னர்கள் சத்திரம் வைத்திருந்தார்கள். சேதுபாவாசத்திரம் என்ற ஊர்ப் பெயரிலேயே அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்தச் சத்திரங்களில் என்ன நடந்தது என்று 1801இல் கும்பினி அதிகாரி டோரினுக்குச் சரபோஜி ஒரு கடிதத்தில் விவரமாக எழுதியிருக்கிறார். எந்தச் சாதியாக இருந்தாலும் வந்தவருக்குச் சோறு. சமைத்ததைச் சாப்பிடாதவருக்கு அரிசியும் மளிகைச் சாமானும். நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர் உண்டா என்று கூவி அழைப்பார்கள். நோய்க்கு வைத்தியர், விஷக்கடிக்கு வைத்தியர். கையை வீசிக்கொண்டு கிளம்பியவனைச் சாலை பார்த்துக்கொண்டது. இன்று சத்திரத்தில் சோறில்லை, புளியமரத்தில் டயரில்லை. ஆகவே வழியில் இருந்தவற்றில் எதெது வேண்டுமோ அதையெல்லாம் பையில் கட்டிக்கொண்டுதான் போக வேண்டும்.

எல்லாவற்றையும் அல்ல. கடையையே பெயர்த்துக்கொண்டு போகிறவனும் உண்டு. சுத்தியல், சாவிக்கொத்து, கிரீஸ் டப்பா என்று கேரியரை நிரப்பிவிட்டு ஊர் எல்லையிலேயே மூச்சு வாங்குவான். இந்தச் சாலையில், இந்த மாதத்தில், இந்த வண்டியில் எது கெடும் என்று யோசித்தாலே பட்டியல் சுருங்கிவிடும்.

முதலில் வால்டியூப். காற்று இறங்கியதும் எல்லோரும் பஞ்சர் என்றே நினைக்கிறார்கள். பல சமயம் அது பஞ்சரே இல்லை. உங்கள் சைக்கிளின் மூக்குக்குள் ஒரு சின்ன உலோகக் குழல் இருக்கிறது. அதன் பக்கவாட்டில் ஓர் ஊசித் துளை. அந்தத் துளையை மூடியபடி மெல்லிய ரப்பர்க் குழாய் ஒன்று இறுக்கமாகப் போர்த்தியிருக்கும். அதுதான் வால்டியூப். பம்ப் அடிக்கும்போது காற்று ரப்பரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகும். உள்ளே போன காற்று ரப்பரைத் துளையோடு அழுத்தி வெளியே வரவிடாமல் செய்யும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தில் வந்த ஏற்பாடு இது. ஜப்பானிலும் நெதர்லாந்திலும் இதே வகை மூக்கு இன்றைக்கும் புழக்கத்தில் இருக்கிறது. வெயிலில் நின்ற வண்டியில் அந்த ரப்பர் உளுத்துப்போகும். ஆகவே டயரைக் கழற்றும் முன் விரலில் எச்சிலைத் தொட்டு மூக்கின் வாயில் வையுங்கள். குமிழி வந்தால் கோளாறு அங்கேதான். திருகைக் கழற்றி, பழைய ரப்பரை உரித்துவிட்டு, புதிதில் ஒரு துண்டு நறுக்கி எச்சில் தொட்டு ஏற்றினால் இரண்டு நிமிஷ வேலை. ஒரு சாண் வால்டியூப் வாங்கினால் உங்கள் கூட்டம் முழுவதற்கும் போதும். ஆனாலும் ஆளுக்கு ஒரு விரல் நீளம் சட்டைப்பையிலேயே இருக்கட்டும். பையில் வைக்கும் சாமான்களில் மலிவானது இதுதான். அதனாலேயே யாரும் வைத்துக்கொள்வதில்லை.

அடுத்தது கைப்பம்ப். மூன்று நான்கு வண்டிக்கு ஒன்று போதும். கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் அடித்துப் போட்டபோது உங்களில் பலர் குழந்தைகள். சாலையெல்லாம் மரம் கிடந்தது. தோளில் தூக்கிக்கொண்டு மரத்தைத் தாண்ட முடிந்த வண்டி சைக்கிள் ஒன்றுதான். பரணில் கிடந்த சைக்கிள்களையெல்லாம் இறக்கினார்கள். கரண்ட் இல்லாததால் கம்ப்ரஸர் ஓடவில்லை. என் பழைய பம்ப் தெருத் தெருவாகப் போய்வந்தது. பம்ப் வாங்கும்போது அட்டைப் பெட்டியை அப்படியே வாங்கி வந்துவிடாதீர்கள். கடையிலேயே உங்கள் வண்டியின் மூக்கில் மாட்டி அடித்துப் பாருங்கள். பார்வைக்குப் பளபளப்பாக இருக்கிற சின்ன பம்ப்களில் பாதி நம் மூக்குக்குப் பொருந்தாதவை.

பஞ்சர் விஷயத்தில் ஒரு முரண்பாட்டைச் சொல்ல வேண்டும். வெளிநாட்டுக்காரர்கள் வீடியோவில் முதலில் காட்டுவது மாற்று டியூப். சக்கரத்தை ஒரு நெம்பு நெம்பிக் கழற்றுகிறார்கள், டியூபை மாற்றுகிறார்கள், போய்விடுகிறார்கள். அவர்கள் வண்டிக்கு அது சரி. நம் வண்டியின் பின்சக்கர அச்சில் ஸ்டாண்டு, கேரியர்க் கம்பி, மட்கார்டு கம்பி எல்லாம் ஒரே நட்டில் கோத்திருக்கும். மேலே செயின் கவர் வேறு. அதைக் கழற்றி, மறுபடி செயின் தொய்யாமல், சக்கரம் கோணாமல் பூட்டுவதற்குள் பொழுது போய்விடும். ஆகவே நம் ஊர் முறையே இங்கே நல்லது. சக்கரத்தைக் கழற்றாமல் டயரின் ஒரு பக்க ஓரத்தை மட்டும் வெளியே எடுத்து, டியூபை உருவி, அங்கேயே ஒட்டுவது. இதற்கு வேண்டியவை இரண்டு டயர் லீவர், கைவிரல் அகலத்துக்கு உப்புத்தாள், சொலுஷன், நாலைந்து பேட்ச். லீவருக்குப் பதில் ஸ்குரூ டிரைவரால் நெம்பினால் ஓட்டை ஒன்று இரண்டாகும். சொலுஷன் புதிதாகத் திறக்காததாக இருக்கட்டும். ஒருமுறை திறந்தது அடுத்த முறைக்குள் உள்ளேயே காய்ந்துபோயிருக்கும். இதை நம்பி நடுச்சாலையில் நின்றவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மாற்று டியூபும் வேண்டும்தான். மூக்கின் அடியில் கிழிந்தால் எந்தப் பேட்சும் நிற்காது. ஆனால் கூட்டத்துக்கு ஒன்றிரண்டு போதும். வாங்கும் முன் உங்கள் டயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் அளவைப் படித்துக்கொண்டு போங்கள். எல்லாம் ஒரே அளவு என்று நினைத்தால் 28க்கு 26 வந்து சேரும்.

ஒட்டும் வேலையில் பொறுமை தேவைப்படுகிற இடம் ஒன்றே ஒன்று. உப்புத்தாளால் டியூபின் பளபளப்புப் போகும்வரை தேய்க்கிறீர்கள். பேட்சை விடக் கொஞ்சம் அகலமாகச் சொலுஷனை மெல்லத் தடவுகிறீர்கள். உடனே ஒட்டத் தோன்றும். ஒட்டக் கூடாது. சொலுஷனின் ஈர மினுமினுப்பு மங்கி, விரல் முட்டியால் தொட்டால் பிசுபிசுக்காத நிலை வரும்வரை காத்திருக்க வேண்டும். அந்த ஐந்து நிமிஷத்தில் இன்னொரு வேலை இருக்கிறது. டயருக்குள் குத்திய சாமானைத் தேடுவது. அதை எடுக்காமல் டியூபை உள்ளே வைத்தால் அரைக் கிலோமீட்டரில் திரும்ப உட்கார வேண்டியதுதான். விரலை விட்டுத் துழாவாதீர்கள், ஒரு பழந்துணியை உட்புறமாகச் சுற்றி இழுங்கள். முள் இருந்தால் துணி மாட்டி நிற்கும். சாலையோரக் கப்பியில் நெருஞ்சி இருக்கும், வாய்க்கால் கரையிலும் கடலோரத்திலும் சீமைக் கருவேலம். கருவேல முள் வெளியே முறிந்து, முனை மட்டும் உள்ளே நிற்கும். கண்ணுக்குத் தெரியாது, துணிக்குத் தெரியும்.

ஓட்டையைக் கண்டுபிடிக்கத் தண்ணீர் வேண்டும். இங்கேதான் நம் ஊர்க்காரனுக்கு ஒரு வசதி, கூடவே ஒரு தொல்லை. மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுகிறார்கள். மழையும் கர்நாடகமும் கைகொடுத்த ஆண்டுகளில், இந்த ஏழரை மாதமும் புது ஆற்றிலும் அதிலிருந்து பிரியும் வாய்க்கால்களிலும் தண்ணீர் இருக்கும். டியூபில் காற்றடித்து வாய்க்காலில் முக்கினால் குமிழி காட்டிக்கொடுத்துவிடும். மேட்டூர் அணையோடு சேர்த்து 1934இல் முடிந்த இந்தப் புது ஆறு, அதாவது கல்லணைக் கால்வாய், 149 கிலோமீட்டர் ஓடுகிறது. வெட்டியவர்கள் நினைத்திராத உபயோகம்தான். நீங்கள் கிளம்புவது ஜனவரி 28க்கு முன்னா, பின்னா? மூடிவிட்டால் சில நாளில் வாய்க்காலில் சேறுதான் மிஞ்சும். அப்போது குடிக்கிற தண்ணீரில்தான் கைவைக்க வேண்டியிருக்கும். அதுவும் வேண்டாம் என்றால், டியூபை நன்றாக ஊதவிட்டுக் கீழுதட்டுக்கு அருகில் மெதுவாகச் சுற்றுங்கள். காது கேட்காத கசிவையும் உதடு உணர்ந்துவிடும். கண்ட இடத்தில் பேனாவால் பெருக்கல் குறி போடுங்கள். வட்டம் போட்டால் உப்புத்தாள் அழித்துவிடும். பெருக்கல் குறியின் கைகள் நீண்டிருந்தால் நடுப்புள்ளி அழிந்தாலும் இடம் தெரியும்.

தை மாதம் என்பதால் வைக்கோலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. சம்பா அறுப்பு நேரம். பாதிச் சாலையில் நெல் காயும், மீதியில் வைக்கோல் கிடக்கும். நெல்லின் மேல் ஏற்றாதீர்கள். காய வைத்தவர் வீட்டு வருஷ உழைப்பு அது, திட்டு வாங்குவதும் நியாயம். சரியென்று வைக்கோல் பக்கம் ஒதுங்கினால் அது பிரீவீலுக்கும் செயினுக்கும் நடுவில் சுற்றிக்கொள்ளும். முதலில் பெடல் கனக்கும். எதிர்காற்று என்று நினைத்து இன்னும் அழுத்துவீர்கள். செயின் கழன்று விழும், சில சமயம் அறுந்தும் போகும். கனத்தவுடன் இறங்கிப் பாருங்கள். சின்னக் கத்தி ஒன்று இருந்தால் சுற்றிய வைக்கோலை அறுத்தெடுக்கலாம். கழன்ற செயினைக் கையால் ஏற்றாதீர்கள். பல்லுக்கும் செயினுக்கும் நடுவில் விரல் போனால் ஆஸ்பத்திரிதான். ஒரு குச்சியால் தூக்கி மேல் பல்லில் மாட்டிவிட்டு, பெடலைப் பின்னோக்கி அல்ல, வண்டி ஓடும் திசையில் மெல்லச் சுற்றுங்கள்.

இன்னொரு சத்தத்தையும் பழகிக்கொள்ளுங்கள். பெடல் ஒரு சுற்றுக்கு ஒருமுறை 'டக்' என்று விட்டுக்கொடுத்தால் அது கோட்டர் பின். பெடல் கட்டையை அச்சோடு பிடித்திருக்கும் ஆப்பு அது. நட்டு தளர்ந்து, பின் தேய்ந்து, கடைசியில் பெடல் கட்டை கையோடு வந்துவிடும். சத்தம் கேட்ட உடனே நிறுத்தி, ஒரு கல்லால் பின்னின் தலையில் தட்டி நட்டை இறுக்கினால் ஊர் போய்ச் சேரலாம். கூட்டத்துக்கு இரண்டு கோட்டர் பின், நட்டோடு. இரண்டு தலையிலும் வெவ்வேறு அளவில் ஓட்டை உள்ள சைக்கிள் ஸ்பேனர் ஒன்று. நம் வண்டியின் பெரும்பாலான நட்டுகளுக்கு அது ஒன்றே ஈடுகொடுக்கும். பிரேக் கட்டை ஒரு ஜோடி. வேறு இரும்பு வேண்டாம்.

உண்மையில் பாதிப் பழுது சாலையில் உண்டாவதில்லை. உங்கள் வண்டிகள் பள்ளி மைதானத்தில் குவியலாக வந்து இறங்கி, அவசர அவசரமாகப் பூட்டப்பட்டவை. வேலை செய்தவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, ஒருவர் ஒரு நாளில் அத்தனை வண்டி பூட்டினால் அப்படித்தான் இருக்கும். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே சக்கர நட்டு, ஹேண்டில் பார், சீட், பெடல், கேரியர் எல்லாவற்றையும் ஒரு சுற்று இறுக்கிவிடுங்கள். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டால் ரிம் பிரேக் கட்டையில் உரசி ஆடுகிறதா என்று தெரியும். ஆடினால் பெண்டு எடுப்பவரிடம் போங்கள், அதை நீங்களே போக்ஸ் கம்பியை முறுக்கிச் சரி செய்யப் பார்த்தால் இன்னும் கோணும். இந்த ஒரு வேலைக்கு மட்டும் ஆள் தேடுவதில் வெட்கமில்லை.

1913இல் பிரான்ஸில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். டூர் தெ பிரான்ஸ் பந்தயத்தில் யூஜின் கிறிஸ்தோஃப் முன்னணியில் போய்க்கொண்டிருந்தார். பிரனீஸ் மலையில் டூர்மாலே கணவாய் இறக்கத்தில் அவருடைய முன் ஃபோர்க் முறிந்தது. பிறர் உதவி வாங்கக் கூடாது என்பது அந்தக் காலத்துப் பந்தய விதி. வண்டியைத் தோளில் போட்டுக்கொண்டு 10 கிலோமீட்டருக்கும் மேல் நடந்து, சென்-மரி-தெ-காம்பான் என்ற ஊரில் ஒரு கொல்லுப்பட்டறையைக் கண்டுபிடித்து, தானே இரும்பைக் காய்ச்சி அடித்து ஒட்டினார். பந்தய அதிகாரிகள் கூடவே நின்று கண்காணித்தார்கள். மணிக்கணக்கில் நேரம் போய்விட்டது, ஜெயிக்கும் வாய்ப்பும் போய்விட்டது. அதற்கு மேல் ஒரு தண்டனையும் கொடுத்தார்கள். இரண்டு கையும் வேலையில் இருந்ததால் பட்டறைப் பையன் ஒருவன் துருத்தி ஊதினானாம், அது பிறர் உதவியாம். அந்த விதி முட்டாள்தனமானது என்றே இன்றுவரை நினைக்கிறேன். உங்களுக்கு அப்படி விதி ஒன்றும் இல்லை, துருத்தி ஊத ஆள் கிடைத்தால் ஊதச் சொல்லுங்கள். ஆனால் அவர் அன்றைக்கு ஃபோர்க்கை ஒட்ட முடிந்ததற்குக் காரணம் இரும்பு வேலை தெரிந்திருந்ததுதான். சாமான் இருந்து வேலை தெரியாமல் போனால் அது பையில் கிடக்கும் சுமை, அவ்வளவுதான்.

இதை முக்கியமாக உங்களில் பெண் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். பள்ளியில் சைக்கிள் கொடுக்கும் திட்டமே 2001இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளிலிருந்துதான் தொடங்கியது, பிறகுதான் எல்லோருக்கும் வந்தது. அதற்கும் பத்து வருஷம் முன்பே பக்கத்துப் புதுக்கோட்டையில் ஒரு பெரிய காரியம் நடந்திருக்கிறது. அறிவொளி இயக்கத்தின்போது கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்தார். கல்லுடைப்பவர்கள், களத்து வேலைக்காரர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள் என்று பல்லாயிரம் பெண்கள் ஓட்டக் கற்றார்கள். 1992 மகளிர் தினத்தன்று ஹேண்டிலில் கொடி கட்டி ஆயிரத்தைந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டை ஊரை வலம் வந்தார்கள். பத்திரிகையாளர் சாய்நாத் அதைப் பற்றி எழுதியிருக்கிறார். லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாடானபோது ஆண்கள் சைக்கிளையே வாங்கிக்கொண்டார்கள். சிலர் அதைத்தான் விரும்பவும் செய்தார்கள், முன் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பது அவர்கள் கணக்கு. அப்படிப்பட்ட பெண்களின் பேத்திகள் நீங்கள். இத்தனை இருந்தும் டயரை நெம்புகிற வேலை வந்தால் "டேய், இதக் கொஞ்சம் பாருடா" என்று பக்கத்து வண்டிப் பையனைக் கூப்பிடுவதை இன்றும் பார்க்கிறேன். கையில் கறை படும் என்பதைத் தவிர இந்த வேலையில் கஷ்டம் ஒன்றும் இல்லை. கறை மண்ணெண்ணெயில் போகும்.

திரும்பும்போது நேரமாகிவிட்டால் விளக்கு வேண்டும். விளக்கில்லாமல் வந்தால் போலீஸ்காரர் நிறுத்தி டயரில் காற்றைப் பிடுங்கிவிடுகிற காலம் ஒன்று இருந்தது. இப்போது யாரும் பிடுங்க மாட்டார்கள், பின்னால் வருகிற லாரிக்கு உங்களைத் தெரியாது, அவ்வளவுதான். மட்கார்டில் சிவப்பு ரிப்ளெக்டர் இருக்கிறதா என்று பாருங்கள். செல்போன் டார்ச் போதும் என்று நினைக்காதீர்கள். பஞ்சர் ஒட்டும்போது போனை ஒருவர் பிடித்தால் அவர் கை வீண். நெற்றியில் மாட்டும் சின்ன விளக்கு ஒன்று கூட்டத்துக்கு இருந்தால் போதும். இருட்டிய பிறகு வரப்பிலோ வாய்க்கால் கரைப் புல்லிலோ உட்கார்ந்து வேலை பார்க்காதீர்கள். அறுப்பு முடிந்த வயலில் எலி இருக்கும், எலி இருக்கும் இடத்தில் நல்ல பாம்பும் கண்ணாடி விரியனும் வரும். தார்ச் சாலையின் ஓரத்திலேயே, குச்சியால் தட்டிப் பார்த்து உட்காருங்கள். கடித்துவிட்டால் கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், ஓடவும் விடாதீர்கள். 108ஐக் கூப்பிட்டு விஷமுறிவு மருந்து உள்ள அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். விஷக்கடி வைத்தியர் இப்போது சத்திரத்தில் இல்லை.

சாப்பாட்டைப் பற்றி உங்கள் அம்மாக்களுக்கு நான் சொல்ல ஒன்றும் இல்லை. புளிச்சோறும் எலுமிச்சை ஊறுகாயும் மாலைவரை தாங்கும். தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர், அதில் ஒரு பாட்டிலில் உப்பும் எலுமிச்சையும். காசு கொஞ்சம் தாளாக இருக்கட்டும். வீட்டு நம்பரைக் காகிதத்தில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள், போனில் மட்டும் இருந்தால் போன் தண்ணீரில் விழுந்த அன்று யாருக்கும் மனப்பாடமாக இருக்காது.

எல்லாவற்றையும் எதில் கட்டுவது? முதுகில் பை மாட்டாதீர்கள், பத்துக் கிலோமீட்டருக்குள் முதுகு வேர்த்து நாரி பிடித்துக்கொள்ளும். வீட்டில் காலி யூரியா சாக்கு இருக்கும். நன்றாக அலசி, சாமானை உள்ளே வைத்துச் சுருட்டி, பழைய டியூபை நீளவாக்கில் கிழித்த வாரால் கேரியரில் இறுக்கிக் கட்டுங்கள். மழை உள்ளே போகாது. பஞ்சர் ஒட்டும்போது விரித்து உட்காரலாம், நட்டும் திருகும் மண்ணில் தொலையாமல் அதிலேயே போட்டுவைக்கலாம். கட்டிய டியூப் வாருக்கும் உபயோகம் உண்டு. அவசரத்துக்கு அதிலிருந்தே ஒரு பேட்ச் வெட்டிக்கொள்ளலாம். டயரே கிழிந்தால், உள்ளங்கை அளவு பழைய டயர்த் துண்டை உள்ளே வைத்து டியூபைத் திணித்தால் மெதுவாக ஓட்டி வீடு வந்துவிடலாம். அந்தத் துண்டையும் சாக்கில் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்தப் பொது மூட்டை யாரிடம் இருக்க வேண்டும் என்று உங்களுக்குள் சண்டை வரும். முன்னால் பறக்கிறவனிடம் கொடுக்காதீர்கள். பழுதானவன் பின்தங்குவான், மூட்டை இரண்டு கிலோமீட்டர் முன்னால் போய்க்கொண்டிருக்கும், போன் எடுக்க மாட்டான். கூட்டத்தில் நன்றாக மிதிக்கக்கூடிய ஒருவர் கடைசியில் வரட்டும், பம்பும் மூட்டையும் அவரிடம்.

கிளம்புவதற்கு முந்தைய சனிக்கிழமை மாலை என் வீட்டுத் திண்ணைக்கு வாருங்கள். ஆளுக்கொரு பழைய டியூபும் உப்புத்தாள் துண்டும் கொண்டு வந்தால் போதும். பெண் பிள்ளைகள் கட்டாயம் வர வேண்டும். உங்கள் டியூபில் ஓட்டை இல்லையே என்று கவலைப்படாதீர்கள், ஆணி என்னிடம் இருக்கிறது.

அன்புடன்,
கடைத்தெரு பழைய சைக்கிள் கடைக்காரர்
ஒரத்தநாடு